கூடாது என்பதும் ஆகாது என்பதும்



செங்காங் ஆற்றோரப் பூங்காவில் மாலையில் உலவுவோர் பொங்கோல் நீர்த்தேக்கத்தை நன்கு அறிவர். முன்பு கடல்நீர் ஏறி இறங்கிய பொங்கோல் ஆற்றின் வாயை அடைத்து ஆக்கப்பட்ட நீர்நிலை அது. 2010ஆம் ஆண்டில் அதன்மேல் அமைந்த மிதக்கும் ஈரநிலத்தில் செடிகளின் வேர்கள் நீரிலுள்ள மிகைச் சத்துகளை உறிஞ்சுகின்றன. அங்கே படகு செலுத்துவோர் உண்டு, நீந்துவோர் இல்லை. "நீர் அழுக்கா, ஐயா?" என்று ஒரு மாணவி வினவினாள். உடனே விடை கூற எங்களால் இயலவில்லை.

பல நகரங்களின் ஆறுகளில் நீந்தும் நிலையை ஒப்பிடும் சிறு மென்பொருட் கருவி ஒன்றை மாணவர்களோடு செய்து பார்க்க அதன்பின் முற்பட்டோம். நகரத்தின் பெயர், ஓர் எண், ஒரு நிறம் ஆகிய மூன்றும் போதும் என்று எண்ணினோம். பச்சையென்றால் நீந்தலாம், சிவப்பென்றால் வேண்டாம். முதல் வாரத்திலேயே எண் எங்களைக் கைவிட்டது.

சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் பாசிர் ரிஸ் போன்ற கடற்கரைகளில் என்டரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரை எண்ணுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 200 என்பது எல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதனோடு ஈ.கோலையையும் எண்ணுகிறது, ஆறு, ஏரிகளில் ஈ.கோலை 1,000க்குள் இருந்தால் 'நன்று' என்னும் தரம். இந்தியாவின் குளிப்பு நீர் அளவுகோலோ மலக்கோலி உயிரிகளைக் கணக்கிடுகிறது. விரும்பத்தக்கது 500, மிகுதியாக ஏற்கத்தக்கது 2,500. இம்மூன்றையும் ஒரே பத்தியில் அடுக்கினால், முழத்தையும் படியையும் பலத்தையும் கூட்டிய கணக்காகும். எங்கள் முதல் கருவி அதைத்தான் செய்தது. நிறங்கள் மட்டும் அழகாகவே தெரிந்தன!

உயிரி ஒன்றேயாயினும் சிக்கல் தீர்வதில்லை. 200 என்பது ஒருநாள் எடுத்த ஒரு குப்பி நீரின் எண்ணன்று, 95ஆம் நூற்றுமானம். நூறு மாதிரிகள் எடுத்தால் அவற்றுள் தொண்ணூற்றைந்து அந்த அளவைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பது பொருள். அந்த எல்லைக்குள்ளும் ஆபத்து அறவே நீங்குவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளின்படி, 41 முதல் 200 வரையுள்ள நீரில் நூறு முறை இறங்கினால் ஒன்று முதல் ஐந்து முறை வரை வயிற்றுக் கோளாறு நேரலாம். இதை அறிந்தபின் பச்சைக் கட்டத்தில் இருந்த 'பாதுகாப்பானது' என்ற சொல்லை நீக்கி 'அளவுக்குள் உள்ளது' என்று எழுதினோம். மாணவர்களுக்கு இச்சொல் சுவைக்கவில்லை. ஆயினும் உண்மை அதுதான்.

அடுத்து, மழை. பாரிஸ் நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் கலந்த நீர் சேன் ஆற்றில் வழிகிறது. அதைத் தடுக்க ஆஸ்டர்லிட்ஸ் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியைக் கட்டினர். அவ்வாறிருந்தும் 2024 ஒலிம்பிக்கில் ஜூலை 30 அன்று நிகழவேண்டிய ஆடவர் டிரையத்லான் போட்டி, நீரின் தரம் குன்றியதால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. 1923 முதல் தடைப்பட்டிருந்த அந்த ஆற்றில் 2025 ஜூலையில் பொதுமக்களுக்கு நீந்துமிடங்கள் திறக்கப்பட்டன. வளர்ப்பு முறையில் நுண்ணுயிரை எண்ணி முடிக்க ஏறத்தாழ ஒருநாள் ஆகிறது. ஆகவே திரையில் தெரியும் எண் நேற்றைய ஆற்றைச் சொல்கிறது. நீந்துபவரோ இன்றைய ஆற்றில் இறங்குகிறார். நாள் குறிக்காத எண்ணை எங்கள் கருவி இப்போது ஏற்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மக்கள் வேறொன்றைப் பார்க்கின்றனர். அங்குள்ள ஆரே ஆற்றுக்கெனவே 'ஆரே குரு' என்னும் செயலி உண்டு. குரு என்ற சொல் அவ்வளவு தொலைவு சென்றிருப்பது கண்டு மாணவர்கள் மகிழ்ந்தனர். நீரின் வெப்பநிலையையும், நொடிக்கு எத்தனை கன மீட்டர் பாய்கிறது என்பதையும் அது அறிவிக்கிறது. நுண்ணுயிர் அளவில் குறையில்லாத ஆறும் விசையால் ஆளை இழுத்துச் செல்லும் என்பதை எங்கள் ஒற்றை நிறம் சொல்லவே இல்லை.

இனி, அம்மாணவியின் வினா. குடிநீருக்காக நீர் சேர்க்கும் நம் நீர்த்தேக்கங்களில் நீந்துவதற்கு விதி இடந்தருவதில்லை. ஆகவே செங்காங் வரிசைக்குச் சிவப்பு விழுந்தது. அதைக் கண்ட சிறுவர், "நம் ஆறுதான் எல்லாவற்றிலும் மோசம்" என்றனர். 1980களில் பன்றிப் பண்ணைகள் விலக்கப்பட்டு, பின்னர் இவ்வளவு பேணப்பட்ட பொங்கோல் நீருக்கு எங்கள் கருவி இழைத்த அநீதி அது. பச்சை இட்டிருந்தால் அதனினும் கேடு. ஒரு குழந்தை அதை இசைவு என்று கொண்டு இறங்கியிருக்கும்.

தீர்வு தமிழிலேயே இருந்தது. 'நீந்தக் கூடாது' என்பதை விதியின் விலக்குக்கும், 'நீந்த ஆகாது' என்பதை நீரின் தகுதியின்மைக்கும் வைத்துக்கொண்டோம். பேச்சில் இரண்டும் சில வேளை கலந்து வரும். கருவியில் அவற்றைப் பிரித்து இரு பத்திகள் ஆக்கினோம். அளந்த எண் கையில் இல்லாத இடத்திற்கு நிறமே இல்லை. 'அளவு இல்லை' என்ற இரு சொற்கள் மட்டும். கருவியின் அழகு குறைந்தது. நகரங்களை முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தவும் இப்போது முடியாது.

செங்காங் வரிசை இன்று இவ்வாறு நிற்கிறது: விதி — கூடாது, நீச்சலுக்கான நுண்ணுயிர் அளவு — இல்லை, படகு — உண்டு. அம்மாணவி அதைப் படித்துவிட்டு, நடுப்பத்தியை நிரப்ப எத்தனை குப்பி நீர் வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கணக்கை அடுத்த வகுப்பில் போடவிருக்கிறோம்.