எந்த வேலைக்கு எந்த யந்திரம்?

(ஸ்ரீமதுரையில் விவசாயிகள், பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூடலூர் வட்டாரத்தில் சிறு தேயிலை விவசாயிகள் கூடும் இடமெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: "கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை, யந்திரம் வாங்கிவிடலாமா?" இதற்கு ஒரே சொல்லில் விடையளிப்பதற்கில்லை. யந்திரத்தின் விலையை விசாரிக்குமுன், நம் வேலையை ஆராய வேண்டும்.

கொழுந்து பணமாவதற்குள் எத்தனை படிகள் உள்ளன! பறித்தல், நிறுத்தல், கணக்கெழுதுதல், தொழிற்சாலைக்கு அனுப்புதல், அங்கே வாட்டுதல், நசுக்குதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல், சலித்தல், பின்னர் விற்பனை. ஒவ்வொரு படியின் இயல்பும் வேறு.

குன்னூரைப் பாருங்கள். அங்கே 1963-ஆம் ஆண்டில் தேயிலை ஏலம் தொடங்கியபோது, வாங்குவோர் ஓரிடத்தில் கூடிக் குரல் கொடுத்து விலை கேட்டனர். இன்று அவ்வேலை கணினி வழியே நடைபெறுகிறது. ஆயினும், தேயிலையைச் சுவைத்துத் தரம் கூறுவது இன்றும் மனிதனின் நாவே. ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நிகழும் வேலை யந்திரத்திடம் சென்றது. பகுத்தறிய வேண்டிய வேலை மனிதனிடம் நின்றது. நமக்கும் இதுவே வழிகாட்டி.

பறிப்பை எடுத்துக்கொள்வோம். தேர்ந்த கை இரண்டு இலையும் ஒரு மொட்டும் அறிந்து கிள்ளும். கத்தரிக்கும் யந்திரத்திற்கும் தளிர், முற்றல் என்ற வேறுபாடு தெரியாது. செடிகளின் மேற்பரப்பு சமமாகக் கவ்வாத்து செய்யப்பட்டு, நிலமும் கடுஞ்சரிவின்றி இருந்தால் பறிப்பு யந்திரம் பயன்தரும். செங்குத்தான சரிவில் அதைச் சுமந்து திரிவது வீண் பாடு. முற்றிய இலை மிகுந்தால் தரம் குறையும். தரம் குறைந்தால் விலையும் குறையும். மிச்சமான கூலி அந்த நஷ்டத்திலேயே கரைந்துவிடக்கூடும்.

இனி எடையைக் கவனியுங்கள். ஒரு சுமைக்கு 2 கிலோ குறைவாகப் பதிவாவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 10 சுமைக்கு 20 கிலோ போயிற்று. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். ஆகவே மாதந்தோறும் 4 கிலோவுக்கு மேற்பட்ட தூளுக்குரிய இலையை இனாமாகக் கொடுத்தவராகிறோம்! நிறுத்தலும் எழுதுதலும் நாள்தோறும் மாறாது நிகழ்பவை; தவறினால் இழப்பு நமக்கே. ஆதலின் முதலில் வாங்கத்தக்கது, எடையை அச்சிட்டுச் சீட்டு தரும் மின்னணுத் தராசு. அதிலும் ஓர் எச்சரிக்கை: ஆண்டுதோறும் அதைச் சரிபார்த்து அரசு முத்திரை பெற வேண்டும். பொய்த் தராசு, யந்திரமானாலும் பொய்த் தராசுதான்.

எனவே எந்த யந்திரத்தை வாங்குமுன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இவ்வேலை ஒரே விதமாகத் திரும்ப நிகழ்வதா? இப்போது இதில் நமக்கு நேரும் இழப்பு எவ்வளவு? ஆண்டில் எத்தனை நாள் யந்திரம் ஓடும்? பழுதானால் அருகில் சீர்செய்வார் உண்டா? பத்து நாள் மட்டும் ஓடுமெனில், தனியொருவர் கடன்பட்டு வாங்காமல், பலர் கூடிப் பொதுவில் வாங்குவதே சிக்கனம். முதலில் ஒரு பாத்தியில் ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். கையால் பறித்ததன் எடை, கூலி, விலை ஆகியவற்றுடன் ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

இறுதியாக ஒன்று. கொழுந்து பறித்தே குடும்பம் நடத்தும் பெண்கள் நம் ஊர்களில் பலர். யந்திரம் வரும் நாளில் அவர்கள் வெளியே நிற்கலாகாது. அதை இயக்கவும் பழுது பார்க்கவும் முதலில் அவர்களுக்கே பயிற்சியளிக்கப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வர வேண்டும். இலையை அறிந்த கை யந்திரத்தையும் செவ்வனே இயக்கும்.

கணக்குப் பார்த்து வாங்கிய யந்திரம் நமக்கு உழைக்கும். அண்டை வீட்டாரைப் பார்த்து வாங்கிய யந்திரத்திற்கு நாம் உழைக்க நேரும்.