கட்டை வேணுமாம், கட்டைக்காரன் வேண்டாமாம்!



மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய படத்துக்குத் தேவை இரக்கமா, அவர்கள் கையில் பொறுப்பா? பொறுப்புதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். ஒருமுறை எங்க ஊருக்கு சினிமாக்காரங்க வந்தாங்க. கோயில் படியில் கால் ஊனமானவர் அழுகிற காட்சி. என்னைத் தேடி ஒருத்தர் வந்தார். "நடிக்கக் கூப்பிடுறாங்கடா"ன்னு அம்மா அவசரமா என் சட்டைக்கு இஸ்திரி போட்டாங்க. வந்தவர் கேட்டார்: "தம்பி, உன் கட்டை ரெண்டையும் சாயங்காலம் வரைக்கும் குடு." (சிரிப்பு) அம்மா முகத்தைப் பார்த்தேன். கொடுத்துட்டேன். அன்னிக்கு முழுக்க திண்ணையை விட்டு என்னால நகர முடியலை. கட்டை வேணுமாம், கட்டைக்காரன் வேண்டாமாம்! (கைதட்டல்)

எதிரணி அக்கா, "அந்த மாதிரிப் படம் பார்த்து வீடே அழுதோம்" என்றார்கள். அழுதது உண்மை அக்கா. மறுநாள் எங்களில் ஒருத்தருக்கு வேலை கொடுத்தீங்களா?

பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்றேன். ஜிம் லெப்ரெக்ட், பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடு உள்ளவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒலி அமைப்பாளராகப் பெயர் எடுத்தவர். 2020-ல் நிக்கோல் நியூன்ஹாமுடன் சேர்ந்து 'கிரிப் கேம்ப்' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். 1971-ல், 15 வயதில் அவர் போன கோடை முகாமின் கதை அது.

அதில் ஒரு காட்சி. பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பேச்சு எளிதில் வராது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்கிறார்கள். 'கொஞ்ச நேரம் தனியா இருக்கக்கூட எனக்கு உரிமை இல்லை' என்கிற ஏக்கத்தை அவள் சொல்லி முடிக்கிறாள். வேறு ஒருவர் என்றால், "புரியலை, வெட்டு" என்றிருப்பார். இவர் வெட்டவில்லை. அந்த முகாமில் வளர்ந்தவருக்கு அந்தக் காத்திருப்பின் அருமை தெரியும்!

அந்த முகாமுக்குப் போன சிலர், 1977-ல் சான்பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து உரிமை கேட்டு வென்றார்கள். படத்தில் அதுவும் இருக்கிறது. அழுதவர்களாக அல்ல, போராடியவர்களாக! 2021-ல் அந்தப் படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்கும் போனது.

நடுவர் அவர்களே, கட்டை கேட்டு வந்தால் இன்னிக்கும் தருவேன். ஆனா, கட்டையோட நானும் வருவேன். கேமராவுக்கு முன்னாடி மட்டுமில்ல, பின்னாடியும்! எதை வைக்கணும், எதை வெட்டணும்னு முடிவு பண்ற இடத்துல ஒரு சக்கர நாற்காலிக்கும் இடம் விடுங்க. அது போதும்.

(கைதட்டல்)