நோவைச் சொல்லவும் மொழியுரிமை வேண்டும்!

(புறக்கோட்டை வர்த்தகர்களும் உத்தியோகத்தர்களும் வடபகுதி விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில், 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்திற் பங்குகொண்ட முதுபெருந் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவனைப் பேச அழைத்தால், அவன் பழைய போராட்டக் கதையைத்தான் சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நாம் அமர்ந்ததையும், ஏப்பிரல் 14ஆம் நாள் தந்தை செல்வா தமிழரசு அஞ்சற் சேவையைத் தொடக்கி வைத்ததையும், மூன்று நாட்களில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு இராணுவம் எம்மை அப்புறப்படுத்தியதையும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் பேசப்போவது ஆஸ்பத்திரியைப் பற்றி. அன்று கச்சேரி வாயிலில் நாம் கேட்டது எதுவோ, அதையேதான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நான் கேட்க நேர்ந்தது. ஆகையால் இதுவும் அந்தக் கதையின் ஓர் அத்தியாயமே.

நன்றி மறவோம்

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகின்றேன். கடந்த ஆண்டு நான் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, கொழும்பிலுள்ள ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டேன். சத்திரசிகிச்சைக்கோ, கட்டிலுக்கோ, உணவுக்கோ என்னிடம் ஒரு சதமும் கேட்கப்படவில்லை. மறுநாளே என்னைத் தாங்கிப் பிடித்து எழுந்து நிற்கச் செய்தார்கள். என் இளமையில் தொடை எலும்பு முறிந்த முதியவர் மாதக்கணக்காகக் கட்டிலிற் கிடந்து, படுக்கைப் புண் கண்டு மாண்டுபோவதே வழக்கம். நம்மைவிடச் செல்வம் மிகுந்த பல நாடுகளில் ஏழைக்குக் கிட்டாத சிகிச்சை இங்கே கூலிக்காரனுக்குங் கிட்டுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும், பின்னர் வைத்தியர் பலர் வெளிநாடு சென்றபோதும் இந்தச் சேவையைத் தாங்கி நின்ற வைத்தியருக்கும் தாதியருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் சிங்கள மக்கள் என்பதையும் மனமுவந்து சொல்கின்றேன்.

எங்கே நோகிறது?

ஆனால், நான்காம் நாள் இரவு நடந்ததைக் கேளுங்கள். என் இடது கெண்டைக்கால் கனத்து வீங்கி உளையத் தொடங்கிற்று. முறிந்ததோ வலது தொடை. தாதியை அழைத்துத் தமிழிற் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருச் சிங்களம். அதில் விலை கேட்கலாம், நோயைச் சொல்ல முடியாது. முதுமையில், காய்ச்சலும் களைப்பும் சேர்ந்த வேளையில், கற்ற ஆங்கிலமும் நாவைவிட்டு ஓடிவிடுகிறது. அந்தப் பெண் அன்பானவர். சத்திரசிகிச்சை செய்த இடந்தான் நோகிறது என்று எண்ணி, நோவு தணிக்கும் மாத்திரையைத் தந்து, போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

விடியற்காலையில் தள்ளுவண்டி கொண்டுவந்த சிற்றூழியர் ஒருவர், மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்த இளைஞர், "என்னங்க ஐயா, தூங்கலையா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே ஓடிச்சென்று வைத்தியரை அழைத்துவந்தார். ஒலிக்கதிர்ப் பரிசோதனையில், காலின் உள்நாளத்தில் இரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும் என்பது வைத்தியம் படித்தவர்களுக்குத் தெரியும். மருந்து ஏற்றினார்கள், பிழைத்தேன்.

தோழர்களே, அந்த இளைஞருக்கு அன்று விடுமுறையாயிருந்தால்? நவீன கருவிகள் நிறைந்த மாளிகையில் ஒரு மனிதனின் உயிர், எந்தப் பட்டியலிலும் மொழிபெயர்ப்பாளர் என்று பெயர் எழுதப்படாத ஒரு சிற்றூழியரின் கடமை நேரத்திலன்றோ தொங்கிக்கொண்டிருந்தது? அந்தத் தாதியை நான் குறைகூறவில்லை. தமிழ் படிக்க அவருக்கு வாய்ப்பளிக்காமல், தமிழ் நோயாளர்களை அவர் கையில் ஒப்படைத்த ஏற்பாட்டையே குறைகூறுகின்றேன்.

எலும்பைக் கதிர்ப்படம் காட்டும். குருதியைச் சோதனைக்கூடம் காட்டும். எந்த இடத்தைச் சோதிப்பது என்பதைக் காட்டுவது நோயாளியின் நாவே. நம் மக்கள் குத்து என்பார்கள், உளைவு என்பார்கள், கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு வழிகாட்டும் சொல். இவற்றையெல்லாம் கைச்சாடையாற் காட்டு என்றால், எந்தப் பண்டிதராலும் முடியுமா? வள்ளுவப் பெருந்தகை 950ஆம் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்த நான்காமவர்க்கும் நோயாளிக்கும் பேச்சே இல்லையென்றால் மற்ற மூன்றும் என்ன பயன் தரும்?

சட்டம் இருக்கிறது, சாதனை எங்கே?

இது சலுகை கேட்கும் பேச்சு அல்ல. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடிய பின், 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. 1988இல் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் ஒருவர் அரசாங்க அலுவலருடன் தமிழிற் கருமமாற்றலாம் என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2007 ஜூலை முதல் புதிதாகச் சேரும் அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியையும் கற்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆயினும் சத்திரசிகிச்சைக்கு முன் நான் ஒப்பமிட்ட சம்மதப் பத்திரத்தில் ஒரு தமிழ் எழுத்தும் இருக்கவில்லை. வாசிக்க முடியாத பத்திரத்தில் இடும் ஒப்பம் சம்மதமாகுமா? இங்குள்ள சட்டத்தரணிகளே சொல்லட்டும்.

முடியாத காரியம் என்பார்கள். மானிப்பாயைப் பாருங்கள். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், தாம் தமிழைக் கற்று, மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கு மேற்பட்ட நம்மவரை வைத்தியராக்கினார். அவர்களுட் பலருக்குத் தமிழிலேயே கற்பித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்நியர் ஒருவர் செய்ததன் சிறு பகுதியை இன்று ஓர் அரசாங்கம் செய்ய இயலாதா? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் அகதிகளுக்கு ஆஸ்பத்திரிகள் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கின்றன. தமிழ் பேசுவோர் இத்தனை பெருந்தொகையாய் வாழும் கொழும்பில் குடிமகனுக்கு அது கிடையாதா?

அவ்வளவு தூரமும் போகவேண்டாம். இதே புறக்கோட்டையின் பிரதான வீதியில் நடந்து பாருங்கள். ஒரு முழம் துணி விற்கக் கடைச் சிப்பந்தி மூன்று மொழி பேசுகிறான். நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடை இறக்கும் நாட்டாமையும் இரு மொழி பேசுகிறான். வியாபாரத்திற்கு முடிந்தது, உயிர் காக்க முடியாதா?

நாம் செய்யவேண்டியவை

நம் கோரிக்கைகள் எளியவை. சம்மதப் பத்திரமும், மருந்துப் பொதியில் எழுதும் வேளையும் அளவும் தமிழிலும் இருக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இரவும் பகலும் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் சிகிச்சைக்கு வரும் சிங்கள நோயாளிக்கும் இதே உரிமை வேண்டும். தனக்குக் கேட்டதைப் பிறர்க்கு மறுப்பவன் உரிமை பேசத் தகாதவன்.

நமக்கும் கடமை உண்டு. வைத்தியர்களே, நோவுச் சொற்களை மும்மொழியிலும் தொகுத்துச் சிறு கைந்நூலாக்குங்கள். ஒவ்வொரு தாதியின் கையிலும் அது இருக்கட்டும். விவசாயப் பெருமக்களே, மேற்சிகிச்சைக்குக் கொழும்புக்கு வரும்போது தமிழ்ப் பத்திரம் கேளுங்கள். இல்லையென்றால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகளைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்புங்கள், சிங்களமும் கற்பியுங்கள்.

கச்சேரி வாயிலில் நாம் அமர்ந்தது, ஓர் ஏழை தன் குறையைத் தன் மொழியிற் சொல்லும் நாள் வரவேண்டும் என்பதற்காகவே. சாகக் கிடப்பவனுக்கு அந்த உரிமை கிட்டாதவரை நம் பணி முடியவில்லை. என் போன்றோருக்கு இனிக் காலம் அதிகமில்லை. இளைஞர்களே, இந்தப் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.