கைப்பையில் எது, பெட்டியில் எது?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

மரக்காணத்தில் இருந்து பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பும் பெரியவர்களுக்காக இந்தச் சில வார்த்தைகள்.

2006 ஆகஸ்டில், லண்டனில் இருந்து புறப்படும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. 100 மில்லி விதி அதற்குப் பிறகு வந்தது. வெளிநாட்டு விமானத்தில், கைப்பையில் வைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள், உள்ளே தெரிகிற ஒரு ஜிப் கவரில். 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய்தான் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள். பாட்டிலின் அளவுதான் கணக்கு.

நெய், தேன், தொக்கு, ஊறுகாய், பற்பசை எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். பெரிய பெட்டியைக் கவுன்டரில் கொடுத்த பிறகு சோதனையில் நிறுத்தினால், ஆசையாகச் செய்தது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். வீட்டிலேயே இறுகக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

நம் ஊர் உப்பு திரவம் இல்லை. ஆனால் அமெரிக்க விமானங்களில் 2018 முதல், கைப்பையில் சுமார் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் கூடுதல் சோதனை உண்டு. உப்பும் சாம்பார் பொடியும் பெட்டியிலேயே போகட்டும்.

மருந்து மட்டும் நேர் எதிர். இன்சுலினைப் பெட்டியில் போடாதீர்கள். குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும். பெட்டி வந்து சேரத் தாமதமானால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்து, சோதனையில் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.