சபையில் கேட்கச் சொல்லுங்கள்!



நமது தொகுதி எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால் என்ன செய்கிறோம்? சால்வை போர்த்துகிறோம். கடைவீதிச் சாக்கடைக்காக ஒரு மனு கொடுக்கிறோம். அந்த மனு என்னவாயிற்று? நாமும் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை.

இனி மனுவோடு ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவழித்தீர்கள்? எப்போது முடிப்பீர்கள்? சபாநாயகர் அனுமதித்துவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அதிகாரி கோப்பைத் திறந்தாக வேண்டும். சொன்ன பதில் அவைக்குறிப்பில் நிற்கும். மழுப்பினால் துணைக்கேள்வி இருக்கிறது!

கேள்விக்கு அவ்வளவு வலிமையா என்கிறீர்களா? 1957இல் மக்களவையில் ஒரு கேள்வி எழுந்தது. எல்.ஐ.சி.யில் மக்கள் போட்ட பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளுக்குப் போனது ஏன்? ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே விடாமல் துருவினார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்வி விலைக்கு விற்கும் சரக்கல்ல. வாக்களித்தவர்கள் ஒப்படைத்த அமானிதம்!

வியாபாரிகளே! கணக்கு கேட்பது உங்களுக்குப் புதிதா? இளைஞர்களே! கூட்டத்தொடர் முடிந்ததும் எம்.எல்.ஏ. வீட்டுக்குச் செல்லுங்கள். சால்வை வேண்டாம். "எங்கள் கேள்வி என்னவாயிற்று?" என்று மரியாதையோடு கேளுங்கள். நாம் அவரைக் கேட்காவிட்டால், அவர் யாரைக் கேட்பார்?