வெயிலைப் படித்தவர்களின் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலரும் முன்னே ஊத்துக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால், சாலையோரமாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு முன்னால் போவதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து இருட்டோடு கிளம்பிய சைக்கிள்காரர்கள். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு டீ. அப்புறம் நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர். இன்னொரு கூட்டம் திருத்தணி வழியாக நகரிக்குப் போகும். எல்லைப் பலகை தெலுங்குக்கு மாறினாலும் டீக்கடைப் பேச்சு தமிழிலேயே நடக்கிற ஊர்கள் இவை.

அந்தக் கூட்டத்தில் சிலர் சைக்கிளோடு நிற்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறார்கள், மூன்று நாள் ஓடுகிறார்கள். வங்கியிலும் கம்ப்யூட்டர் நிறுவனத்திலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டே ட்ரையத்லான் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். சின்னப் பந்தயத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் இரண்டு மடங்கு. 2000-ல் சிட்னியில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அரை அயர்ன்மேன் என்றால் 1.9, 90, 21.1 கிலோமீட்டர். முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2. அதை முடிக்கப் பதினேழு மணி நேரம் வரை கொடுப்பார்கள்.

சித்தூர், திருப்பதிச் சீமை இதற்கு எப்படிப் பயிற்சிக்களம் ஆயிற்று? காரணம் எளிது. சென்னை பெரும்பாலும் சமதரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனை முறை போய் வந்தாலும் எதிர்க்காற்றைப் பழகலாம், ஏற்றத்தைப் பழக முடியாது. வடமேற்கே வந்தால்தான் மலை. நகரி மூக்கு என்று அந்தக் காலத்து மாலுமிகள் கடலிலிருந்தே அடையாளம் வைத்துக்கொண்ட சிகரம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2008-ல் பெல்ஜியத்துக்காரரான பீட்டர் வான் கெய்ட் சென்னையில் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப், நாகலாபுரம் மலைகளுக்கு ஏராளமான இளைஞர்களைக் கூட்டிவந்தது. ஓடைகளையும் பாறைக் குளங்களையும் பார்க்க வந்தவர்களில் பலர் அப்படியே மலையோட்டத்துக்கும் ட்ரையத்லானுக்கும் திரும்பினார்கள். அந்தக் கிளப்பே பின்னாளில் சென்னையில் ட்ரையத்லான் நடத்தியது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த சைக்கிள் வாங்கலாம் என்று. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பேன். முதலில் கேட்க வேண்டியது, ஒரு மணி நேரத்துக்கு எனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதைத்தான்.

அயர்ன்மேன் பந்தயத்தின் முதல் கதையே அதைத்தான் சொல்கிறது. 1978 பிப்ரவரி 18. ஹவாயில் ஓவாஹு தீவு. நீந்துகிறவனுக்கு உடல் திறன் அதிகமா, ஓடுகிறவனுக்கா என்று எழுந்த வாக்குவாதத்தைத் தீர்க்க, கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அந்தத் தீவில் தனித்தனியாக இருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார். பதினைந்து பேர் இறங்கினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். ஓட்டம் தொடங்கும்போது முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். கூட வந்த துணைக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. கைவசம் இருந்த பீரை எடுத்துக் கொடுத்தார்கள். பின்னால் வந்த கார்டன் ஹாலர் அவரைத் தாண்டி 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக முடித்தார். நான்கு வருஷம் கழித்து, 1982-ல், அதே பந்தயத்தில் முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற மாணவி எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன்னால் விழுந்து, தவழ்ந்து முடித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. டன்பாருக்கும் மாஸுக்கும் கால் பலத்தில் குறை இல்லை. உடம்பில் இருப்பு தீர்ந்துவிட்டது.

நம் வெயிலில் அந்த இருப்பு இன்னும் சீக்கிரம் தீரும். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வியர்வைதான் வெளியேற்ற வேண்டும். திருப்பதியில் ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரி சர்வ சாதாரணம். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்த்ததே தெரியாது. சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு உப்பு போயிருக்கிறது என்று புரியும். சென்னைக் கடற்கரையில் நிலைமை வேறு. அங்கே வியர்வை காயாமல் வழிந்து போகும், உடம்பும் குளிராது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கிளம்பும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, துடைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை இதைச் செய்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துத் தப்பிக்கவும் முடியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது, அதாவது மிதமிஞ்சிக் குடித்தவர்களுக்கு. தலைசுற்றல், குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை அது. ஆகவே தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வழியில் உப்புப் போட்ட மோர், எலுமிச்சை சர்பத் எல்லாமே உதவும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற பயிற்சிக்கு மாவுச்சத்தும் வேண்டும், மணிக்கு அறுபது கிராம் அளவுக்கு. வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் வசதிதான். ஆனால் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் பயிற்சி நாட்களுக்கு நன்றாகவே போதும். சித்தூர்ப் பக்கம் கேழ்வரகுக் களியைச் சங்கடி என்று உருட்டி வைப்பார்கள். அருமையான சாப்பாடு. பந்தயத்துக்கு முந்தின இரவு மட்டும் அதைத் தவிர்த்து அரிசிச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நார்ச்சத்து அதிகம், மறுநாள் காலையில் வயிறு தொல்லை கொடுக்கும்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். தொடங்குகிறவருக்கு உடம்புக்குப் பொருத்தமான அளவில், பிரேக் நன்றாகப் பிடிக்கிற ஒரு ரோடு பைக் போதும். மலைச் சாலைக்கு லேசான கியர் வேண்டும். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் பெரியது முப்பத்திரண்டு பல்லாவது இருந்தால் முழங்கால் பிழைக்கும். மிச்சம் இருக்கிற பணத்தை நல்ல ஹெல்மெட்டுக்கும் முன்பின் விளக்குகளுக்கும் பஞ்சர் சாமான்களுக்கும் போடுங்கள். ரப்பர் நீச்சல் உடை நமக்கு வேண்டாம். அது குளிர்ந்த நீருக்கானது, நம் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

திருப்பதியிலிருந்து சந்திரகிரி வழியாகப் பாகராப்பேட்டை மலைப்பாதை ஏறித் தலக்கோனா அருவி வரை போகிற சாலையைப் போல ஏற்றம் பழக இன்னொன்று இந்த வட்டாரத்தில் அரிது. ஆனால் அங்கே இறக்கம்தான் கவனம் கேட்கும். 2022 மார்ச்சில் ஒரு பேருந்து அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது. மாம்பழக் காலத்தில் சித்தூர்ச் சாலைகளில் மாங்கூழ் ஆலைகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிப்போகும் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். நசுங்கின பழத்தின் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். இந்தச் சாலையில் விழுகிறவர்களுக்குப் புத்தூர் கட்டு என்ற எலும்பு வைத்தியம் நினைவுக்கு வருவது இயற்கை. தமிழ்நாடு முழுக்கப் பலகை தொங்குகிற அந்த வைத்தியத்தின் ஊர், முதலில் சொன்ன புத்தூரேதான். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டுவார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: தோளெலும்போ மணிக்கட்டோ வலித்தால் யாரிடம் கட்டுப் போடுவதானாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

திருமலைப் படிகளைப் பற்றிச் சொல்லாமல் திருப்பதியைப் பற்றிப் பேச முடியாது. அலிபிரியிலிருந்து 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படிகள், தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. அலிபிரிப் பாதையை ஏறினவர்களுக்குத் தெரியும். காலி கோபுரம் வரை ஏறக்குறைய 2,000 படிகள் மூச்சு முட்டும். அதற்கப்புறம் பாதை இளகும், மான்களைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது முழங்கால் மேடு வரும். ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று சொல்லப்படுகிற இடம். காலி கோபுரத்துக்கு முன்னால் துள்ளி ஓடினவர்கள் அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த பாட்டி, முதல் படியில் வைத்திருந்த அதே வேகத்தில் அவர்களைக் கடந்து போவார். நீண்ட தூரப் பந்தயத்தின் வேகக் கணக்கை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளரும் காட்ட முடியாது.

ஆனால் அது பக்தர்களின் பாதை. அங்கே கடிகாரம் வைத்துக்கொண்டு முட்டிமோதி ஓடுவது முறையல்ல. எல்லோரையும் போல நடந்து ஏறுங்கள், தரிசனம் செய்யுங்கள், இறங்கும்போது பஸ் பிடியுங்கள். தொடைக்கும் முழங்காலுக்கும் இறக்கத்தில்தான் அடி அதிகம். 2023 ஆகஸ்டில் ஒரு சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்ற பாதையும் அதுவே. தேவஸ்தானம் சொல்கிற நேரக் கட்டுப்பாட்டை மீற வேண்டாம்.

நீச்சலைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான் பந்தயங்களில் நேர்ந்த மரணங்களையும் இதயத் துடிப்பு நின்றுபோன நிகழ்வுகளையும் மருத்துவர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பத்தேழு. ஆகவே நாற்பது தாண்டியவர்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நம்மில் பலர் பெரியவர்களான பிறகு நீச்சல் கற்கிறவர்கள். உயிர்காப்பாளர் இருக்கிற நீச்சல்குளத்தில், பயிற்சியாளர் பார்வையில் கற்றுக்கொள்ளுங்கள். நாகலாபுரத்துப் பாறைக் குளங்கள் பார்க்க அழகு. ஆனால் அடியில் வழுக்குப் பாறை, திடீர் ஆழம். எத்தனையோ இளைஞர்களை அவை விழுங்கியிருக்கின்றன. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகும், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஏரியோ அணையோ கடலோ, திறந்த நீரில் எக்காரணம் கொண்டும் தனியாக இறங்காதீர்கள். இடுப்பில் கட்டுகிற ஆரஞ்சு மிதவையை மறக்காதீர்கள்.

பந்தய நாள் காலை. கையிலும் காலிலும் எண் எழுதுவார்கள், கணுக்காலில் சிப் கட்டுவார்கள். கம்பியில் வரிசையாகத் தொங்குகிற நூற்றுக்கணக்கான சைக்கிள்களில், நீரிலிருந்து தலை கிறுகிறுக்க ஓடிவரும்போது உங்களுடையது எது என்று தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் முன்கூட்டியே அந்த வரிசையில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, கீழே பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டை விரித்து வைப்பார்கள். துண்டின் மேல் ஷூ, ஷூவுக்குள் சாக்ஸ், ஹேண்டில்பாரில் ஹெல்மெட், வார் திறந்தபடி. ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும்; மறந்தால் தண்டனை உண்டு. தரையில் ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். நீச்சல் தொடக்கத்தில் பக்கத்தில் இருப்பவரின் கை முகத்தில் இடிக்கும், கண்ணாடி நழுவும். புதியவர்கள் கடைசி வரிசையில், ஓரமாக நில்லுங்கள். அரை நிமிடம் தாமதமானாலும் மூச்சு சீராக இருக்கும். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் முதல் சில நிமிடங்களுக்குச் சொன்ன பேச்சைக் கேட்காது. பயிற்சியிலேயே வாரம் ஒரு முறை சைக்கிளுக்குப் பின் பதினைந்து நிமிடம் ஓடிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த விஷயம், மற்றவர்கள் பயந்துபோவார்கள்.

கோவாவில் 2019 அக்டோபர் 20-ல் மிராமர் கடற்கரையில் இந்தியாவின் முதல் அரை அயர்ன்மேன் நடந்தபிறகு, நம் பக்கத்து ஆர்வலர்களுக்கு வெளிநாடு போக வேண்டிய செலவு மிச்சமாயிற்று. ஆனாலும் முதல் பந்தயத்துக்கு அது வேண்டாம். ஸ்பிரிண்ட் தூரமே போதும். பிப்ரவரியில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். கோடையில் விடிகாலை மட்டும் சைக்கிளும் ஓட்டமும் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும் முன் வீடு திரும்புங்கள். பந்தயம் வெயிலில் என்றால், அதற்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் பழகினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். செப்டம்பருக்குள் 750 மீட்டரை நிற்காமல் நீந்துகிற அளவுக்கு வந்துவிடுவீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கிற பந்தயத்துக்குப் பெயர் கொடுங்கள்.