மலையிலிருந்து வந்த பாட்டு

திண்டுக்கல் சமவெளியிலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும் கொடைக்கானல் மலையில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்தது அம்பலமானதும், 2001இல் ஆலையை மூடினார்கள். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் மறுத்தது. மனு, போராட்டம், வழக்கு என்று வருடங்கள் ஓடின.

2015 ஜூலையில், இதைப் பற்றி ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய வீடியோ யூடியூபில் வந்தது. மூன்று நிமிடம்கூட இருக்காது, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே சாதித்தது என்று சொல்லமாட்டேன். அத்தனை வருடம் விடாமல் நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். அவர்கள் குரலை உலகத்தின் காதில் போட்டது பாட்டு. மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றும் வேலை அதன்பிறகும் நீண்டது.